தோரியை ‘நீ’ என்று அழைத்த விடுதி

சியுதாத் ரொத்ரிகோ ஊர்ப் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தோரிக்குப் பாதி ஆயுள் போயிற்று. முழுப்பெயர் அதோராசியோன், ‘ஆராதனை’ என்று பொருள். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் கதை எதுவும் கிடையாது, ஆகவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அவள் சன்னலில் கூட்டம் நெரியும். சலமான்காவில் படிக்கிற பிள்ளைகள் வாரக் கடைசிக்கு வீட்டுக்கு வந்துவிட்டு, துவைத்த துணியும் டப்பா டப்பாவாகச் சாப்பாடுமாகத் திரும்பும் நேரம் அது. தாய்மார்கள் பேருந்தின் படிவரை துரத்திக்கொண்டு வருவார்கள். “நீல மூடி பருப்பு, பச்சை மூடி குரோக்கெத்தா உருண்டை! பருப்பை முதல்ல தின்னு, அது தாங்காது!” என்று ஊரே கேட்கக் கத்துவார்கள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவார்கள்.

வரிசையில் நிற்கும்போது அவர்கள் தங்கள் விடுதிகளைப் பற்றி முணுமுணுப்பதெல்லாம் கண்ணாடித் துளை வழியாகத் தோரியின் காதில் விழும். எந்த விடுதியில் தலைக்குச் சோப்புப் போட்டதும் வெந்நீர் நின்றுபோகும், எதில் அடுத்த அறைக்காரன் கொட்டாவி விட்டாலும் கேட்கும், எதில் ஃப்ரிட்ஜில் வைத்த குரோக்கெத்தா காலையில் காணாமல் போகும் என்பதெல்லாம் அந்த நகரத்தில் ஓர் இரவுகூடத் தங்காமலே அவளுக்கு அத்துபடி. ‘நான் போனா இதுல இருக்க மாட்டேன்’ என்று மனத்துக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளி வைப்பாள். போகப்போகிறோம் என்று நினைத்தல்ல. வாங்குகிற உத்தேசமே இல்லாமல் வீட்டு விளம்பரம் படிக்கிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி.

பிறகு ஒரு நாள் சன்னலை மூடி, அந்த இடத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்தினார்கள். தோரியை ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன தோரி சும்மா இருக்கவில்லை. வயது கூடியவர்களுக்கென்று பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள், எழுதினாள், தேறினாள். அதன் பிறகுதான் சலமான்காவில் இருக்கிற அக்கா நியேவெஸுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“ஏண்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?” என்றாள் நியேவெஸ். “என்னத்தைப் படிக்கப் போற?”

“நிலவியல். கல்லு, பாறை, மலை.”

“கல்லா! நம்ம ஊர்ல இல்லாத கல்லா? கோட்டை மதில் பூரா கல்லுதானே, போய்ப் பாத்துக்கிட்டு நில்லு.”

“கல்லு எங்கேயும் ஓடிப் போகாதுக்கா. அறுபதைத் தாண்டினவளுக்கு அதுதான் தோது.”

நியேவெஸ் சற்று இறங்கி வந்தாள். “சரி, படிச்சுத் தொலை. எங்கிட்டயே வந்து இரு. துணி தேய்க்கிற மேசையை எடுத்துட்டா அந்த அறை உனக்குத்தான். அவர் போனதுலேர்ந்து வீடும் வெறிச்சுன்னு கிடக்கு.”

“நான் விடுதியில இருக்கப் போறேன்.”

மறுமுனையில் நியேவெஸ் சிரித்த சிரிப்பில் தோரி கருவியைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. “விடுதியிலயா? வியாழக்கிழமை வந்தா பசங்க விடிய விடிய ஆட்டம் போடுவாங்க. நீ என்ன பண்ணுவ, ஓரமா உக்காந்து கை தட்டுவியா?”

“ஊர்ல உள்ள பிள்ளைங்களுக்கெல்லாம் சீட்டுக் கிழிச்சுக் கொடுத்து ஏத்தி அனுப்பியாச்சு. ஒரு தடவை நான் ஏறிப் போறேன். உன் வீட்டுக்கு வந்தா அது விருந்துக்கு வர்றது. படிக்க வர்றது ஆகாது.”

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவரும் பிளாசா மயோர் சதுக்கத்தில் கடிகாரத்துக்குக் கீழே சந்தித்துக்கொண்டார்கள். கூடவே போனால்தான் இவளுக்குப் பைத்தியம் தெளியும் என்பது நியேவெஸின் கணக்கு.

முதலில் போனது கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி. மெழுகு மணக்கும் வரவேற்பறையில் வயதான சிஸ்டர் ஒருவர் இருவரையும் உட்கார வைத்துவிட்டு, “பொண்ணு எந்தப் பாடம் எடுத்திருக்கா?” என்று கேட்டார்.

தோரி வாயைத் திறப்பதற்குள் நியேவெஸ், “கல்லு, சிஸ்டர்” என்றாள்.

“நல்ல பாடம். பேரு?”

“அதோராசியோன்” என்றாள் நியேவெஸ்.

சிஸ்டரின் முகம் மலர்ந்தது. “அடடா! இந்தக் காலத்துலயும் பிள்ளைக்கு இப்படிப் பேர் வெக்கிறவங்க இருக்காங்களே! அடக்கமான பிள்ளையா இருக்கணுமே?”

“ரொம்ப அடக்கம். வெளியூர் போய்த் தங்கினதே இல்ல.”

“ஆம்பளைப் பசங்க சிநேகம் கிநேகம்…?”

“இதுவரைக்கும் இல்ல சிஸ்டர். இனிமேதான் பயமா இருக்கு.”

தோரி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த புனிதரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும், ஞாயிறு பூசைக்கு வருவது நல்லது, கவலைப்படாதீர்கள், கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று சிஸ்டர் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார். தெருமுனை திரும்பியதும் அக்காவும் தங்கையும் ஒரு மதிலில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்போதைக்கு நியேவெஸும் ஒரு மாணவியைப் போலத்தான் இருந்தாள்.

இரண்டாவது விடுதி கண்ணாடியும் பளபளப்புமாக இருந்தது. சட்டைப் பையில் பெயர் குத்திய இளைஞன் ஒருவன் உடற்பயிற்சிக் கூடம், சினிமா பார்க்கும் அறை, மொட்டை மாடி நீச்சல் குளம் எல்லாம் காட்டினான். “பெத்தவங்களுக்கு இதுல ரொம்ப நிம்மதிங்க. பிள்ளை எத்தனை மணிக்கு உள்ளே வருதுன்னு உங்க ஃபோன்லயே தெரிஞ்சிடும்” என்றான். நியேவெஸ், “எனக்கு அது வேணும்” என்றாள். தோரி, “ஃப்ரீசர் எங்கே இருக்கு?” என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். அறைக்கு ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கிறது, அதில் ஃப்ரீசர் கிடையாது, வேண்டுமென்றால் கீழே உணவகம் இருக்கிறது என்றான். ஃப்ரீசர் இல்லாத விடுதியில் தாயின் கைச்சமையல் செவ்வாய்க்கிழமையோடு சரி என்பது சன்னலில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும். தனித்தனி ஃப்ரிட்ஜ் வைத்துக்கொண்டு தனித்தனியாகத் தின்பதற்கு ஏன் விடுதி என்றும் தோன்றியது. நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

மூன்றாவது ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. இதுவும் மாணவர்களுக்கென்றே கட்டிய கட்டிடம்தான். ஆனால் பகட்டு இல்லை. செங்கல் சுவர், அடக்கமான தனி அறைகள், மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. விடுதியின் பொறுப்பாளர் அரான்சா, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே அழைத்துப் போன நடுவயதுப் பெண், முதலில் காட்டியதே சமையலறையைத்தான். நீள மேசை, கத்தி கீறிய பலகை, யாரோ விட்டுப்போன ரொட்டித் துணுக்குகள். தோரி கேட்காமலே போய் ஃப்ரீசரைத் திறந்தாள். நீல மூடி, பச்சை மூடி, சிவப்பு மூடி. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுத்தாளில் ஒரு பெயர். பேருந்துப் படியில் ஏறிப்போன டப்பாக்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். குளிர் முகத்தில் அடிக்க, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

“இதுதான்” என்றாள்.

“சந்தோஷம். பையனா, பொண்ணா?” என்று கேட்டாள் அரான்சா.

“நான்தான்.”

அரான்சா சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். தோரி, “தோரின்னு கூப்பிடுங்க” என்று சொல்லிக் கைப்பையிலிருந்து சேர்க்கைத் தாளை எடுத்துக் காட்டினாள்.

“வயசைப் பத்தி எங்க விதியில ஒண்ணும் இல்ல” என்று அரான்சா மெதுவாகச் சொன்னாள். “பல்கலைக்கழகத்துல சேர்ந்திருக்கணும், அவ்வளவுதான். ஆனா உள்ளதைச் சொல்லிடறேன், தோரி. புதுசா வர்றவங்களை நாங்க அக்டோபர் முடிய வெச்சுப் பாப்போம். ஒத்துப்போனா வருஷம் பூரா. ஒத்துப்போகலேன்னா பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவோம். உங்களால எனக்குத் தொந்தரவு வரும்னு பயம் இல்ல. பசங்க உங்களைப் பாத்து அடங்கிப்போயிடுவாங்களோன்னுதான் பயம். அம்மாவை ஊர்ல விட்டுட்டு இப்பத்தான் வந்திருக்காங்க. இங்கேயும் ஒரு அம்மா உக்காந்திருந்தா பாவம் இல்லையா?”

“எனக்குப் பிள்ளையும் இல்ல, அம்மாவா இருந்து பழக்கமும் இல்ல” என்றாள் தோரி.

“அக்டோபர் முடிய அந்தத் துணி மேசையை நகர்த்தாமலே வெச்சிருக்கேன்” என்றாள் நியேவெஸ்.

செப்டம்பரில் தோரி பெட்டியோடு வந்து இறங்கினாள். மூன்றாம் மாடி, உள்முற்றத்தைப் பார்த்த அறை. தெருப்பக்கம் அறை காலியாக இருந்தும் வேண்டாமென்றாள். வெளிச்சம் வரும், கூடவே வியாழக்கிழமையும் வரும் என்று சன்னல் காலத்திலேயே கேட்டு வைத்திருந்தாள்.

அரான்சா பயந்தது அப்படியே நடந்தது. தோரி சமையலறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். பீர் பாட்டில்கள் மேசைக்கு அடியில் போகும். மேசைமேல் இருக்கும் கால்கள் கீழே இறங்கும். “வாங்கம்மா, உக்காருங்கம்மா” என்று இடம் விட்டுவிட்டு ஒவ்வொருவராக நழுவுவார்கள். முதல் வாரத்தில் ஒருவன், “அம்மா, துடைப்பம் எங்கே வெச்சிருக்கீங்க?” என்று கேட்டான். வேலைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டான். தெரிந்ததும் அவன் கேட்ட மன்னிப்பு கேள்வியைவிட மோசமாக இருந்தது.

ஒரு நாள் கீழ்த்தளத்துச் சலவை இயந்திரத்தில் தன் சிவப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டு, பொம்மைக்குப் போடும் அளவில் வெளியே எடுத்தாள். அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெல்மோ உள்ளே வந்தான். வீகோ ஊர்ப் பையன், சட்டம் மூன்றாம் ஆண்டு. அந்த விடுதியின் மூத்த மாணவர்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி. சிரிப்பு வந்து அவன் கன்னம் உப்பியதைத் தோரி பார்த்தாள். சிரிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் அடக்கிக்கொண்டு, “பரவாயில்லம்மா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஃப்ரிட்ஜில் இருந்த டப்பாக்களில் யாரும் தொடாதது அவளுடையது ஒன்றுதான்.

அவளோடு ஓரளவு பேசியது பக்கத்து அறை கான்டெலா மட்டும். அல்மெரியாவிலிருந்து வந்த முதலாம் ஆண்டுப் பெண். ஒரு மதியம் அவள் சமையலறையில் தனியாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தோரிக்குக் கை பரபரத்தது. சட்டியை அடுப்பில் ஏற்றி ஒரு சூடான சாறு வைத்துக் கொடுத்தால் அழுகை நின்றுவிடும். அரான்சா சொன்னது ஞாபகம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“வீட்டு ஞாபகமா?”

“ம்.”

“எனக்கும்தான். நேத்து ராத்திரி எங்க ஊர் மணிச்சத்தம் இல்லாம தூக்கமே வரல. எனக்கு வேதியியல் வேற ஒரு எழுத்துப் புரியல.”

கான்டெலா மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். “உங்களுக்குமா?”

“உனக்குப் புரியுதா?”

“வேதியியல் எனக்கு வரும்.”

“அப்ப சொல்லிக்கொடு. நான் ரொட்டி சுடறேன். கருக்கிடுவேன், சொல்லிட்டேன்.”

கருக்கினாள். இருவரும் தின்றார்கள். அன்றிலிருந்து கான்டெலா ‘அம்மா’வை விட்டுவிட்டு ‘தோரி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். ‘நீங்க’ மட்டும் போகவில்லை.

அக்டோபர் பிறந்தது. புதியவர்களை மூத்தவர்கள் வாட்டி எடுக்கும் பழைய கொடுமைகளையெல்லாம் சட்டம் போட்டு நிறுத்தியாகிவிட்டது. அந்த விடுதியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு விளையாட்டு. முதல் தேதி எல்லாரையும் படிக்கட்டில் கூட்டி வைத்துத் தெல்மோ நீதிபதி மாதிரிக் குரலெடுத்து அறிவித்தான்.

“புதுசுங்களா, கேளுங்க. நவம்பர் ஒண்ணாந்தேதி புனிதர்கள் திருநாள் வரைக்கும் நீங்க எங்களை ‘நீங்க’ன்னுதான் கூப்பிடணும். நாங்க உங்களை ‘நீ’ன்னுதான் கூப்பிடுவோம். இந்த மரியாதையை இந்த வீட்டுல யார் மீறினாலும் சரி, இந்தப் படிக்கட்டு நடுவுல நின்னு சொந்த ஊர்ப் பாட்டு ஒண்ணு முழுசாப் பாடணும். ‘யார்’னா யார் வேணாலும். வந்து ரிப்பனைக் கட்டிக்குங்க.”

புதியவர்கள் வரிசையில் நின்று மணிக்கட்டில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டார்கள். கான்டெலாவுக்குப் பின்னால் தோரியும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தெல்மோ தர்மசங்கடத்தோடு ரிப்பனைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“அம்மா, நீங்க நிக்க வேண்டாம். இது சின்னப் பசங்க விளையாட்டு.”

மரியாதையாகத்தான் சொன்னான். தோரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை அரான்சா கதவைத் தட்டினாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். “எனக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கு, தோரி. நேத்து உங்க மாடிப் பசங்க சாப்பாட்டைத் தூக்கிட்டுப் போய் படிக்கட்டுல உக்காந்து சாப்பிட்டாங்க. கேட்டா, ‘அம்மா படிச்சுக்கிட்டிருந்தாங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு’ங்கறாங்க. நல்ல பிள்ளைங்கதான். ஆனா அது அவங்க சமையலறை.”

அவள் போனதும் நியேவெஸ் தொலைபேசியில் வந்தாள். “அறை காலியாத்தான் இருக்கு. இன்னிக்குக் கொண்டைக்கடலை கொதிக்க வெச்சேன். தனியாத் தின்ன முடியல” என்றாள். அதில் கேலி இல்லை. தோரி ‘சரி வர்றேன்’ என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது மேசைமேல் இருந்த இனிப்புக்கடைப் பெட்டி கண்ணில் பட்டது. அதைச் சுற்றி மஞ்சள் ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது.

“அக்கா, அப்புறம் பேசறேன்.”

மறுநாள் காலை, எல்லாரும் காப்பிக்கு வரும் நேரத்தில், தோரி மணிக்கட்டில் மஞ்சள் ரிப்பனோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். தெல்மோ கலைந்த தலையோடு உள்ளே வந்தான். தோரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

“காலை வணக்கம், தெல்மோ ஐயா. நீங்க நல்லாத் தூங்கினீங்களா?”

“ஐயையோ, என்னம்மா இது! நீங்க உக்காருங்க!”

ரொட்டி சுடும் இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து கான்டெலா, “தப்பு!” என்று கத்தினாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“மூத்தவங்க புதுசை ‘நீ’ன்னுதான் கூப்பிடணும்” என்றாள் கான்டெலா. கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். “இப்ப ‘நீங்க’ன்னு சொன்னது யாரு? மரியாதையை யார் மீறினாலும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது… அம்மா விளையாட்டுல சேர்த்தி இல்ல” என்றான் தெல்மோ.

தோரி மணிக்கட்டை உயர்த்திக் காட்டினாள். “ரிப்பன் கட்டியிருக்கேன். முதல் வருஷம். வந்து ஒரு மாசம்தான் ஆகுது. நீங்க சட்டம் படிக்கிறவங்க, தெல்மோ ஐயா. நான் எந்த விதிப்படி புதுசு இல்லேன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

தெல்மோ கலைந்த தலையைச் சொறிந்தான். “நீங்க சொல்றது சரிதான், ஆனா…”

“ரெண்டாவது தப்பு!” என்று சமையலறை முழுவதும் கூவியது.

சட்டம் படிக்கிற பையன் தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டதைப் பார்க்க மற்ற மாடிகளிலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள். தெல்மோ காப்பிகூடக் குடிக்காமல் படிக்கட்டு நடுவில் நின்று, மழையும் மீன்பிடி வள்ளமுமாக நீண்டுகொண்டே போகும் தன் ஊர்ப்பக்கத்துக் காலிசியப் பாட்டு ஒன்றைப் பாடினான். அவனுக்குக் குரலே கிடையாது. தோரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மதிலில் சாய்ந்து சிரித்த அந்த ஜூன் மாதத்துச் சிரிப்பை மறுபடி சிரித்தாள்.

அதற்குப் பிறகு யாரும் அவளைக் கண்டு நழுவவில்லை. கண்டு மாட்டிக்கொண்டார்கள். தோரி ஒவ்வொரு மூத்தவனையும் தேடிப்போய், “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று பணிவாக விசாரிப்பாள். பழக்கதோஷத்தில், “நல்லா இருக்கேன், நீங்க?” என்று பதில் வரும். “தப்பு!” என்று எங்கிருந்தோ ஒரு புதுசு கத்தும். அந்த மாதம் படிக்கட்டில் ஒலிக்காத ஊர்ப் பாட்டு இல்லை. விவரமானவர்கள் ‘நீ’யும் இல்லாமல் ‘நீங்க’வும் இல்லாமல் பேசப் பழகினார்கள். “தோரிக்கு உப்பு வேணுமா? தோரி கதவைச் சாத்தினா நல்லா இருக்கும்” என்று அவளுக்கு முன்னாலேயே யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள்.

இந்த வித்தையில் தேர்ந்தவன் தெல்மோ. “‘நீ’ன்னு ஒரு தடவை சொல்லித்தான் பாருங்களேன்” என்று கான்டெலா சீண்டினாள்.

“எங்கம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன்” என்றான் அவன் பரிதாபமாக. “அறுபது வயசுப் பொம்பளையை ‘நீ’ன்னியானா ரயிலேறி வந்து பல்லைத் தட்டிடுவேன்னாங்க.”

தோரியும் சிரித்தாள். ஆனால் அறைக்குப் போனபின் நினைத்துப் பார்த்தாள். கலகலப்பு வந்துவிட்டது, மேசைக்கு அடியில் போன பாட்டில்கள் மேலே வந்துவிட்டன. என்றாலும் இன்னும் அவள் எல்லாரும் ஜாக்கிரதையாகச் சுற்றிப் போகிற ஒரு பாறைதான். மாதமும் முடியப் போகிறது.

கடைசி சனிக்கிழமை நிலவியல் வகுப்பை மலைக்கு அழைத்துப்போனார்கள். பேருந்து காலையிலேயே புறப்பட்டது. தோரி ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபரினாத்தோவை, அதுதான் அவள் ஊரின் ரொட்டித் தொத்திறைச்சி, முட்டையோடு பொரித்து அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, சட்டியை அடுப்பிலேயே போட்டுவிட்டு ஓடினாள். சமைத்தவர் கழுவ வேண்டும் என்பது அந்தச் சமையலறையின் விதி.

மதியத்துக்கு மேல் திரும்பி வந்தாள். காலில் சேறு, தோளில் சுத்தியல், பை நிறையக் கல். சமையலறையில் நியேவெஸ் உட்கார்ந்திருந்தாள். திருநாளுக்கென்று பாதாம் இனிப்பும், பையில் இன்னும் ஏதோவும் கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் அரான்சா நின்றிருந்தாள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. தோரி கல் மூட்டையை மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற தெல்மோ திரும்பினான். பசியில் அவன் கண் சிவந்திருந்தது. கையில் கொழுப்பு உறைந்த சட்டி.

“தோரி! என்னது இது? காலையில தின்னுட்டு சட்டியை நீ அப்படியே போட்டுட்டுப் போயிட்ட! இருக்கிறது ஒரே பெரிய சட்டி. நான் ஒரு மணி நேரமா முட்டையை வெச்சுக்கிட்டு நிக்கறேன். உனக்கென்ன இங்க வேலைக்காரியா வெச்சிருக்கு? கல்லை வேற சாப்பிடற மேசையில கொட்டற!”

மேசையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கான்டெலா கத்தியைக் கீழே வைத்தாள்.

நியேவெஸ் எழுந்துவிட்டாள். “டேய், யாருடா நீ? என் தங்கச்சியைப் பாத்து நீ வா போங்கற? உங்க வீட்டுல…”

“அக்கா, உக்காரு” என்றாள் தோரி. அவள் முகம் முழுவதும் சிரிப்பு. “அவர் சொல்றது சரி. சட்டி என்னுதுதான்.” சேற்றுக் காலோடு போய்ச் சட்டியை வாங்கித் தொட்டியில் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். “மன்னிச்சுக்குங்க தெல்மோ ஐயா. இனிமே நடக்காது.”

தெல்மோவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. “ஐயோ, நான்… எங்கம்மா…” என்றான்.

“தப்பே இல்ல” என்றாள் கான்டெலா. “இந்த மாசத்துலயே நீங்க சரியாப் பேசினது இப்பத்தான்.”

அரான்சா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டாள். “எனக்கு வேலை முடிஞ்சது. வருஷம் பூரா இங்கதான், தோரி. அறையில ஏதாவது ஆணி அடிக்கணும்னா சொல்லுங்க” என்றாள். வாசலில் நின்று, “சட்டியை நல்லாத் தேய்ங்க” என்று சேர்த்துக்கொண்டாள்.

நியேவெஸுக்குக் கோபம் ஆறக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெல்மோ பொரித்த முட்டையில் பாதியை அவள் தட்டில் வைத்த பிறகுதான் ஆறியது. இருட்டுவதற்கு முன் கிளம்பினாள். தோரி வாசல்வரை போனாள். நியேவெஸ் பையிலிருந்து பச்சை மூடி போட்ட ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

“கொண்டைக்கடலை. நீ வருவேன்னு நினைச்சு நிறைய வெச்சுட்டேன். வெச்சு வெச்சு அழுக வைக்காத, சீக்கிரம் தின்னு. டப்பாவைத் திருப்பிக் கொண்டு வந்து கொடுக்கணும். அடுத்த வாரத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வா, புரியுதா?” என்று தெருவே கேட்கச் சொன்னாள்.

தோரி தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே வந்து மூடிமேல் ஒட்டுத்தாள் ஒட்டித் தன் பெயரை எழுதினாள். ஃப்ரிட்ஜில் மற்ற மூடிகளுக்கு நடுவில் இடம் பண்ணி வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு, வகுப்பு இல்லை. மதியம் பசியோடு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பச்சை மூடி இருந்தது. மேலே அவள் பெயரும் இருந்தது. உள்ளே ஒரு கடலைகூட இல்லை. கழுவக்கூட இல்லை.

அவள் ஒரு கணம் டப்பாவைப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் போய் நின்று, அறைக் கதவுகள் அதிரக் கத்தினாள்.

“தெல்மோ! என் கடலையைத் தின்னது நீதானே? டேய், உன்னைத்தான்! வெளியே வா!”

கதவு திறந்தது. தெல்மோ எட்டிப் பார்த்தான். மீசை ஓரத்தில் குழம்பு இருந்தது. அவன் முகம் பயத்திலிருந்து மெல்ல மெல்ல ஆனந்தத்துக்கு மாறியது.

“என்ன சொன்ன? ‘நீ’யா?” என்றான். “திருநாள் இன்னும் வரல. நான் இன்னும் மூத்தவன்தான்.”

“தப்பு!” என்று நடைவழியின் கடைசியிலிருந்து கான்டெலா கூவினாள். “தோரி தப்பு! பாட்டு!”

கதவுகள் எல்லாம் திறந்தன. காலி டப்பாவும் கையுமாகத் தோரியைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் நடுப்படியில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் ஊரில் மாடு ஓட்டும் திருவிழாவில் பாடும் பாட்டை எடுத்தாள். ராகம் எங்கெங்கோ போயிற்று. இரண்டாவது அடி மறந்து முதல் அடியையே திரும்பப் பாடினாள். டப்பாவின் அடியில் தாளம் தட்டிக்கொண்டாள். தெல்மோ விழுந்து விழுந்து சிரித்தான். இந்தத் தடவை அவன் அடக்கிக்கொள்ளவில்லை.